சைக்கிளை விட்டு இறங்காத நாள்

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சைக்கிளில் போகும்போது எதிரே பெரியவர் ஒருவர் வந்தால் இறங்கிவிடுவோம். அவர் கடந்து போகும்வரை ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்போம். பிறகு ஏறிக்கொள்வோம். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் நினைவிருக்காது. கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். ஊரை விட்டு வந்த பிறகு இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவர்கள் தமிழ் படிப்பதும் இல்லை. ஆகவே இது நமக்குள் இருக்கட்டும்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிவர்மோரில் எங்கள் வீட்டில் என் மகள் போனை என் முன்னால் நீட்டினாள். அவளும் அவள் சிநேகிதியும் விடுமுறைக்குப் பிரான்சுக்குப் போய், கிராமத்துச் சாலைகளில் சைக்கிள் ஓட்டப் போகிறார்களாம். நகரமே வேண்டாமாம்.

"அப்பா, லுக் அட் திஸ் ரோட். நோ கார்ஸ். ஒன்லி கௌஸ்."

ஒடுக்கமான தார்ச்சாலை. இரண்டு பக்கமும் செடி வேலி. வளைவில் மஞ்சள் தலை வைத்த ஒரு கிலோமீட்டர் கல். பார்த்த உடனே குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த என் கை தானாக நின்றது.

"ஆளே இல்லாத ரோட்ல ரெண்டு பொண்ணுங்க தனியா போறதா? பஞ்சரானா யாரக் கூப்பிடுவீங்க?" என்றாள் என் மனைவி.

"அம்மா, வி ஹாவ் எ கிட்."

"ஒரு தாத்தா வருவாரு," என்றேன் நான். "அவரே சரி பண்ணிக் குடுப்பாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் நான் இப்படியெல்லாம் குறுக்கே பேசுகிற ஆள் இல்லை.

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

"சின்ன வயசுல. ஒரு தடவ."

"இத்தன வருஷத்துல எங்கிட்ட சொல்லவே இல்ல பாருங்க," என்றாள் மனைவி.

"டாட், வாட்? டெல் மீ."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. குழம்பு அடிபிடிக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். வாயால் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

காரைக்காலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வாலிப வயதிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். பென்ஷன் வாங்கியதும் பிரான்சின் நடுவில் எங்கோ ஒரு சின்ன கிராமத்தில் பெரியம்மாவோடு தங்கிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் ஐந்தாவது முடித்த வருஷம் அவர் ஊருக்கு வந்திருந்தார். அப்பாவிடம் சொன்னார்:

"பையன இந்த லீவுக்கு என்கூட அனுப்பு. அவனுக்குப் புடிச்சா அங்கயே இருக்கட்டும். நான் படிக்க வக்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டாண்ணே. எங்க விட்டாலும் இருப்பான்," என்றார் அப்பா. அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். பெரியவர்கள் முகத்துக்கு நேராக "மாட்டேன்" என்று சொல்ல என் வாய் பழகவில்லை. கோடை முடியும்போது நான் அங்கே மகனாக இருந்துவிட வேண்டும், அல்லது ஊருக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அம்மாவிடம் திரும்ப வேண்டும். அதை மனதிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

அந்தக் கிராமத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது வெளிச்சம். ராச்சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் சுவரில் இருக்கும். பெரியம்மா ஜன்னல் கதவுகளைச் சாத்தி, இருட்டை அவரே உண்டாக்கி என்னைத் தூங்கச் சொல்வார். அடுத்தது சத்தம் இல்லாமை. எங்கள் ஊரில் எப்போதும் ஏதாவது ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். இங்கே சர்ச் மணி அடித்து ஓய்ந்த பிறகு ஈ பறப்பது கேட்கும். மாட்டுச் சாணி வாசனை மட்டும் நம்முடையதுதான். அது வரும்போது மட்டும் அழுகை கொஞ்சம் அடங்கும்.

அந்தக் கிராமத்தில் ரொட்டிக் கடை கிடையாது. பக்கத்துக் கிராமத்துக்குப் போக வேண்டும். அதுதான் என் வேலை. பெரியம்மாவின் நீலச் சைக்கிளில் குறுக்குக் கம்பி இல்லை, பின் சக்கரத்தில் பாவாடை சிக்காமல் இருக்க ஒரு வலை கட்டியிருந்தது, முன்னால் பிரம்புக் கூடை. பெரியப்பா சீட்டை அடிவரை இறக்கிக் கொடுத்தார். "வலது பக்கமே போ. இங்க எல்லாம் வலதுதான்," என்றார். எந்தப் பக்கம் போனாலும் என்னை இடிக்க ஆள் இல்லை. காலையில் போய் வருவதற்குள் ஒரு கார் வந்தால் அதிகம்.

கோதுமை அறுத்த வயல், அதற்கப்புறம் சூரியகாந்தி, அதற்கப்புறம் ஒரு பாலம், பாலத்தடியில் அசையாத தண்ணீர். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் பெடலை நிறுத்தினால் சக்கரம் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே போகும். ரொட்டி கூடையில் நிற்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையை வழியிலேயே தின்றுவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா, "எலி எங்கடா கடிச்சுது?" என்பார்.

வழியில் ஒரே ஒரு ஆள்தான் எதிரே வருவார். நீல மேலங்கி போட்ட கிழவர். வெள்ளை வெளேரென்று பருத்த மாடுகளை ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு ஓட்டிப் போவார். நான் அவருக்கு வைத்த பெயர் மாட்டுக்காரத் தாத்தா. முதல் நாள் அவரைக் கண்டதும் இறங்கி, ஓரமாக நின்றேன். அவர் மாடுகளை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். சாலையோரத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய்ப் பம்ப் எடுத்து வந்து காற்றடித்தார். என் தலையைத் தட்டி அனுப்பினார்.

மறுநாளும் இறங்கினேன். செயினுக்கு எண்ணெய் போட்டார். அடுத்த முறை பிரேக் கட்டையை மாற்றினார். அதற்கடுத்த முறை பெடலை. ஒரு நாள் மாற்றுவதற்கு எதுவும் கிடைக்காமல், தன் பழைய சைக்கிளிலிருந்து ஒரு பித்தளை மணியைக் கழற்றி என் ஹாண்டில்பாரில் முடுக்கினார். எனக்கு அவர் பேச்சு புரியாது, அவருக்கு என் பேச்சு புரியாது. இந்த ஊரில் பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்தால் அவர்கள் திருப்பி இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பெரியப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த நீலச் சைக்கிளைக் காட்டிக் காட்டி நிறைய பேசினார். பெரியப்பா எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"இந்தச் சைக்கிள்ல என்ன கோளாறுன்னு அவரால கண்டுபுடிக்கவே முடியலயாம். எல்லாம் புதுசு போட்டுட்டாராம். ஆனா அவரப் பாத்தா மட்டும் நின்னு போவுதாம்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டா நிக்கிற?" என்றார் பெரியப்பா.

"பெரியவங்க வந்தா இறங்கணும்ல, பெரியப்பா."

பெரியப்பா உரக்கச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கிழவரிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிழவர் தலையாட்டிவிட்டு, போகிற போக்கில் செயினுக்கு இன்னொரு முறை எண்ணெய் விட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு பெரியப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இங்க யாருக்கும் இறங்க வேண்டாம், தம்பி."

"தெருவுக்கு?"

"தெருவுக்கும் வேண்டாம்," என்றார்.

தெரு என்று நான் சொன்னதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கடைவீதிக்குப் போகிற வழியில் ஒரு தெரு இருந்தது. அதன் முனையிலேயே அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். தோளில் கிடக்கும் துண்டும் கைக்கு வந்துவிடும். மறுமுனை வரை தள்ளிக்கொண்டே போவார், நான் கூடவே நடப்பேன். ஆள் இருந்தாலும் இறங்குவோம், இல்லாவிட்டாலும் இறங்குவோம். வாசலில் ஒரு சின்னப் பையன் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாலும் இறங்கித்தான் போவோம். அந்த வீடுகளுக்கு வயது அதிகம், அதனால் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். உங்களில் சிலர் அப்படிப்பட்ட தெருவில் பிறந்திருக்கலாம், சிலர் என்னைப் போல் தள்ளிக்கொண்டு நடந்திருக்கலாம். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

மறுநாளிலிருந்து நான் இறங்காமல் போகப் பார்த்தேன். முடியவில்லை. நீல மேலங்கி வளைவில் தெரிந்ததும் வலது கால் பெடலை விட்டுவிடும். கிழவர் இப்போது டூல்ஸ் பையைத் தயாராகவே வைத்திருந்தார்.

"இரு, நான் கூட வரேன்," என்றார் பெரியப்பா.

அவருக்கும் ஒரு சைக்கிள் இருந்தது. சாயங்காலங்களில் என்னை அழைத்துக்கொண்டு ஓட்டுவார். ஆனால் கிராமத்து நடுவே போக மாட்டார். வயலுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரமாக, மரங்களுக்கு நடுவே ஓர் ஒற்றையடிச் சாலை, அங்கிருந்து இன்னொன்று. "இந்தப் பக்கம் போவோம், இங்க யாரும் வர மாட்டாங்க," என்பார். ஆளில்லாத சாலை அத்தனையும் அவருக்கு அத்துப்படி. இயற்கையை ரசிக்கிற மனுஷர் என்று நினைத்திருந்தேன்.

அன்று காலை மாட்டுக்காரத் தாத்தாவின் சாலைக்கே போனோம். பெரியப்பா முன்னால், நான் பின்னால். வளைவு வந்தது, வெள்ளை மாடுகள் வந்தன, அவற்றுக்குப் பின்னால் கிழவர். அவர் பெரியப்பாவைவிட மூத்தவர்.

பெரியப்பா இறங்கிவிட்டார்.

நானும் இறங்கினேன். இரண்டு பேரும் சாலையோரமாக ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிழவர் ஒரு சைக்கிளைப் பார்த்தார், இன்னொரு சைக்கிளைப் பார்த்தார். மெல்லத் திரும்பி, பெரிய டூல்ஸ் பெட்டி எடுத்து வர வீட்டுக்குப் போனார்.

பெரியப்பாவின் காதுமடல் சிவந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் பெரியம்மா கேட்டார்:

"என்ன, ரெண்டு சைக்கிளும் கெட்டுப்போச்சா?"

பெரியப்பா படியில் உட்கார்ந்து தன் வலது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டாளத்துல எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் சல்யூட் அடிப்பேன், அவரும் திருப்பி அடிப்பாரு. அதோட சரி. ஜீப்புல போனேன், கப்பல்ல போனேன், ஒண்ணும் இல்ல. சைக்கிள்ல ஏறுன உடனே ஊர்க்கால் வந்துருச்சு பாரு."

பெரியம்மா அதற்குமேல் கேலி செய்யவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சில நாள் கழித்து மறுபடியும் கிளம்பினோம்.

"இறங்கினா ஐஸ்கிரீம் கிடையாது," என்றார் பெரியப்பா.

"நீங்க இறங்கினா?"

"எனக்கும் கிடையாது."

காற்றே இல்லாத காலை. அறுத்த வயலில் வைக்கோல் உருளைகள் ஈரமாக நின்றன. தூரத்தில் நீலம் தெரிந்தது. பெரியப்பாவின் முதுகு விறைத்தது. அவருடைய வலது கால் பெடலை விட்டு விலகி, காற்றில் தொங்கியது. பிறகு அந்தக் கால் மறுபடியும் பெடலைத் தேடிப் பிடித்து மிதித்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்ததால் என் கால் எனக்கு ஞாபகம் வரவில்லை. பித்தளை மணியை அடித்தேன். "போன்ஜூர்" சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது "வணக்கம்".

கிழவர் தொப்பியைத் தூக்கினார். நாங்கள் கடந்து போனோம். அவ்வளவுதான். பின்னாலிருந்து அவர் ஏதோ கத்தினார்.

"என்ன சொல்றாரு, பெரியப்பா?"

"சைக்கிள் சரியாயிடுச்சான்னு கேக்குறாரு." பெரியப்பா திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். அவர் சிரிப்பதில் தோள்கள் குலுங்கின.

அதற்கப்புறம் இறக்கம். பெரியப்பா வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார். இரண்டு சைக்கிளும் டிக் டிக் என்று ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சட்டைக்குள் காற்று புகுந்து முதுகெல்லாம் குளிர்ந்தது. அந்தக் காற்றில் என் வாய் திறந்துகொண்டது.

"பெரியப்பா, நான் ஊருக்குப் போவணும்."

"என்னது?"

"அம்மாகிட்ட போவணும். இங்க இருக்க மாட்டேன்."

உட்கார்ந்தபடியே சொன்னேன். ஒரு பெரியவரிடம், கீழே இறங்காமல், அவர் முகத்தைப் பார்த்து. அவர் முன்னால் சாலையைப் பார்த்தார்.

"பிரேக்கப் புடி," என்றார். "கீழ திருப்பம் இருக்கு."

திருப்பம் தாண்டிய பிறகு, "சரி," என்றார்.

ரொட்டிக் கடைக்குப் பக்கத்துக் கடையில் எனக்கு இரண்டு உருண்டை ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று. நின்றுகொண்டே தின்றோம். "இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லத் தெரியல."

"ம்," என்றார். தெரியும் என்கிற மாதிரி.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் பெரியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அவன ஒரு வார்த்த கேளுங்கன்னு நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் பெரியப்பாவிடம். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "உன்ன வச்சு வளக்கணும்னு ரொம்ப ஆசதான்டா. ஆனா உங்கம்மாகிட்டேருந்து புடுங்கிட்டு வந்துட்டோமோன்னு தெனம் பயந்துகிட்டே இருந்தேன். இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு." அவர் அழுதுகொண்டே சொன்னார். ஆனால் அன்றைக்கு ராத்திரி வைத்த மீன் குழம்பு மாதிரி அந்தக் கோடை முழுக்க அவர் வைக்கவில்லை.

மிச்ச நாள்களில் அழுகை வரவே இல்லை. திரும்பப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சாலைகளை நான் பார்த்தேன். கிராமத்து நடுவிலும் ஓட்டினோம். கிளம்புகிற அன்று மாட்டுக்காரத் தாத்தா நீலச் சைக்கிளிலிருந்து பித்தளை மணியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டார்.

காரைக்கால் பஸ் நிலையத்துக்கு அப்பா சைக்கிளில் வந்திருந்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஊருக்கு வந்த ஒருவரோடு என்னை அனுப்பும்போதே பெரியப்பா அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் அப்பா தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரை மேல் ஓட்டினார்.

"ஏம்ப்பா இந்தப் பக்கம்?"

"இங்க நிழலா இருக்கும்."

அந்தக் கரையில் ஒரு மரம்கூடக் கிடையாது. உச்சி வெயில். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் வீட்டு வாசல் வரை அவர் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. அதற்கப்புறம் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் கரை வழிதான்.

பெரிய பள்ளிக்கூடம் அந்தத் தெருவைத் தாண்டித்தான் இருந்தது. அதற்குக் கரை வழி கிடையாது. "இவன் இறங்காம போயிடுவான், அடிச்சுப் போட்டுடுவாங்க," என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு நாகப்பட்டினத்தில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாமாவிடம் என்னை அனுப்பிவிட்டார்கள். என் படிப்பு அத்தோடு நின்றது. எங்கே விட்டாலும் இருப்பான் என்று நினைத்ததும் தப்பு, இறங்க மாட்டான் என்று பயந்ததும் தப்பு என்று இப்போது படுகிறது. நான் இறங்கித்தான் இருப்பேன். ஒரு கோடையில் கால் மாறிவிடாது. ஆனால் அப்பாவைக் கோபித்துக்கொள்ள என்னால் முடிந்ததில்லை. என்னை அவர் தெருவுக்கு அனுப்பாமல் அடுப்புக்கு அனுப்பினார். அந்த அடுப்புதான் என்னைச் சென்னைக்கும் அங்கிருந்து இங்கே லிவர்மோருக்குப் பக்கத்துப் பிளசன்டன் ரெஸ்டாரண்ட் வரைக்கும் கொண்டுவந்தது. பித்தளை மணியை அப்பாவின் சைக்கிளில் மாட்டியிருந்தோம். சைக்கிள் கைமாறியபோது மணியும் கூடவே போய்விட்டது.

இங்கே ரெஸ்டாரண்டில் சாப்பிட வருகிறவர்கள் அன்பாக விசாரிப்பார்கள். "காரைக்காலா? எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என் வலது கால் கொஞ்சம் அசையும். "வாய்க்கால் பக்கம், சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். மாஸ்டருக்குக் கூச்ச சுபாவம் என்பார்கள்.

மகள் பிரான்சுக்குப் போன பிறகு என் மனைவிக்குத் தூக்கம் இல்லை. எனக்கும்தான், காரணம் வேறு. ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பின்னால் வந்த சிநேகிதி எடுத்திருக்கிறாள். செடி வேலி, வெளிறிய வயல், முன்னால் என் மகளின் மஞ்சள் ஹெல்மெட். சக்கரங்களின் டிக் டிக். வளைவில் கையில் பையோடு ஒரு கிழவர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

சமையலறை மேசைக்கு அடியில் என் வலது கால் தரையை அழுத்தியது.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு கையைத் தூக்கினாள், "போன்ஜூர்" என்றாள். கிழவரும் கையைத் தூக்கினார். கடந்து போய்விட்டாள்.

"என்ன, அதையே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"மாடுங்க நல்லா இருக்கு," என்றேன். வீடியோவில் ஒரு மாடுகூடக் கிடையாது.

மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பெரியப்பாவின் கால் காற்றில் தொங்கிய இடம், என் கால் பெடலை விட்ட இடம் அவளிடம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இறங்கக்கூடாது என்று அவள் அடக்கிக்கொள்ளவும் இல்லை. அவள் கால் பெடலிலேயே இருந்தது. அதற்கு வேறு இடம் தெரியாது.